முதல் மாடிக்கு ஒரு சத்தம்

அவன் அந்தக் குழாயைக் கையில் எடுத்தான். கனமாக இருந்தது.

மேசைமேல் இன்னும் இரண்டு கிடந்தன. மூன்றும் ஹெட்டர்கள். இஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்கள். காரோடு வந்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள்வார்கள்.

ஒன்று எவர்சில்வர். பளபளத்தது. விலையைக் கேட்டான். விட்டுவிட்டான்.

ஒன்று ரேஸ் காரிலிருந்து கழற்றியது. வளைவில் நசுங்கியிருந்தது.

கையில் இருந்தது வெறும் இரும்பு. கருப்புப் பெயின்ட். நான்கு குழாய்கள் நீளமாக வளைந்து வந்து ஒரே வாயில் சேர்ந்தன.

"இழுவை வேணுங்களா, சத்தம் வேணுங்களா?" என்றார் கடைக்காரர்.

"சத்தம்."

"அப்ப கையில இருக்கறதே போதுமுங்க. ரெண்டு வருசத்துல துரு ஏறிரும், பாத்துக்குங்க."

முதல் மாடி கிட்டுசாமிக்கு எழுபது வயது. இரண்டு வருடம் தாராளம்.

கடைக்காரர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். இதை மாட்டினால் இஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்றார்.

அவன் குழாயைக் கீழே வைத்தான்.

பிறகு மறுபடியும் எடுத்துக்கொண்டான்.

கார் அவன் மனைவியுடையது. சிக்னலில் நின்றால் ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்று அவளே குனிந்து பார்ப்பாள். அவ்வளவு அமைதி.

அந்தக் குடியிருப்பில் கார்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்த முடியும். உள்ளே இருப்பவர் ஹாரன் அடிக்க வேண்டும். வெளியே நிறுத்தியவர் இறங்கி வந்து வண்டியை எடுக்க வேண்டும். குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்கள். நான்கு மாதம் அப்படித்தான் நடந்தது. கிட்டுசாமியின் மனைவி பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பார். கிட்டுசாமி சாவியோடு வருவார்.

அன்று மதியமும் கிட்டுசாமியின் கார்தான் வழியை மறித்து நின்றது. ஹாரன் அடித்தான்.

பக்கத்து இருக்கையில் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இன்ஹேலர் தீர்ந்திருந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். முதல் மாடியில் டிவி மட்டும் அலறிக்கொண்டிருந்தது. எப்போதும் அலறும்.

பதினோரு நிமிடம் அடித்தான்.

மாடிக்குப் பதினான்கு படி. அவன் ஏறவில்லை. அவள் தலை அவன் தோளில் இருந்தது.

கடைக்குப் போயிருந்த கிட்டுசாமியின் மனைவி திரும்பி வந்த பிறகுதான் வழி கிடைத்தது. அதற்குள் தோள் கனக்கத் தொடங்கிவிட்டது.

கிட்டுசாமி துக்கம் கேட்க வந்தார். மில்லில் முப்பது வருடம் தறி ஓட்டியவர். மெதுவாகப் பேசத் தெரியாதவர். சாவு வீட்டிலும் அதே குரல்தான். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க ஹாரன் அடிச்சது எனக்குக் கேக்கவே இல்லைங்க, தம்பி."

அவன் தலையாட்டினான்.

கேக்கவே இல்லை.

அதன்பிறகு அவன் அழவில்லை. அலுவலகம் போனான், வந்தான். அந்தச் சொல்லை மட்டும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். எந்தச் சத்தம் கேட்கும் என்று தேடத் தொடங்கினான். இணையத்தில் தேடினான். விலை கட்டுப்படியாக வேண்டும். அவளுடைய காருக்குப் பொருந்த வேண்டும். தினமும் காலையில் ஒரு தடவை. விடுமுறையென்றால் மதியம் அவர் கண்ணயரும் நேரத்தில் இன்னொரு தடவை. கேட்கட்டும்.

சனிக்கிழமை மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். சைலன்சரையும் சேர்த்துக் கழற்றச் சொன்னான். மெக்கானிக் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கழற்றினார்.

ஞாயிறு காலை ஏழு மணி.

கிட்டுசாமி பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முதுகு இந்தப் பக்கம். பத்தடி உயரம்கூட இல்லை.

அவன் சாவியைத் திருப்பினான். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தான்.

சுவர் அதிர்ந்தது. மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. இரண்டாம் மாடியில் குழந்தை வீறிட்டது. எதிர்வீட்டு நாய் கேட்டைப் பிறாண்டியது. யாரோ என்னவோ கத்தினார்கள்.

கிட்டுசாமி அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.

இலையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார்.

அவன் காலை எடுத்தான். மறுபடி மிதித்தான். இந்த முறை எடுக்கவில்லை.

கிட்டுசாமி குனிந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளினார்.

அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். கணவரின் தோளைத் தொட்டார். கிட்டுசாமி திடுக்கிட்டார். செம்பு சாய்ந்து தண்ணீர் கொட்டியது. மனைவி கீழே கையைக் காட்டினார்.

கிட்டுசாமி எட்டிப் பார்த்தார். கார். அதற்குள் அவன்.

உள்ளே ஓடினார்.

படிக்கட்டில் வந்தபோது சட்டை இல்லை, செருப்பு இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்கினார். கடைசிப் படியில் தடுமாறினார். கையில் கார் சாவி.

"இதோ எடுத்தர்றனுங்க, தம்பி. இதோ எடுத்தர்றன்."

அந்தப் பெரிய குரல் இஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

கேட் பக்கம் திரும்பியவர் நின்றுவிட்டார். எடுக்க அங்கே வண்டி இல்லை. அன்றிலிருந்து அவர் தெருவில்தான் நிறுத்துகிறார்.

சாவியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

அவன் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினான்கு படி.

எழுபது வயதுக்காரருக்குப் பத்து வினாடி ஆகியிருந்தது.