வெறும் லாரி

லாரி கிளம்பாமல் நின்றது.

தனலெட்சுமியைப் பாயோடு தூக்கி வந்து பின்தட்டில் கிடத்தியிருந்தார்கள். வலி தொடங்கி இரண்டு இரவுகள் ஆகிவிட்டன. ரப்பர் தோட்டத்து மருந்தகத்தைக் கவனிக்கும் டிரஸ்ஸர் அவள் கணவன் செல்லப்பனைத் தனியே அழைத்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ரத்தமும் கசிகிறது, உடனே பொந்தியான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். வழியில் உடம்பு குலுங்கவே கூடாது என்றும் சொன்னார்.

பதினோரு மைல் செம்மண் சாலை.

தோட்டத்துக் கடைக்கு அரிசியும் கருவாடும் கொண்டுவருகிற சிக்கந்தரின் சின்ன லாரி அது. சரக்கை முந்தின சாயங்காலமே கடை ஸ்டோரில் இறக்கியிருந்தார்.

சிக்கந்தர் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு டயரிலும் தீக்குச்சியை வைத்து அழுத்தி, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் காற்றை இறக்கினார். பின்சக்கரங்களுக்கு மேலே பட்டை பட்டையாக அடுக்கியிருந்த ஸ்பிரிங்கில் பழைய எண்ணெயை ஊற்றினார். பின்கதவுச் சங்கிலி ஆடாதபடி துணி சுற்றினார்.

செல்லப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க நின்றவர்களிடம் போய் ஏதோ பேசினார்.

பால்மரம் வெட்டப் போகவேண்டிய எட்டுப் பேர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து லாரியில் ஏறினார்கள்.

முதலில் ஏறியவள் அடுத்த வீட்டு வெள்ளையம்மா. அவளுடைய கோழிகள் செல்லப்பனின் மிளகாய்ச் செடிகளைக் கிளறியதில் மூன்று மாதமாகப் பேச்சில்லை. லயத்து வீடுகளிலேயே பெரிய உடம்பு அவளுக்கு. ஏறியதும் லாரி ஒரு விரற்கடை தாழ்ந்தது.

“எறங்குங்க எல்லாரும்! ஒருத்தி உசுருக்குப் போராடுறா, உங்களுக்கு ஊர் பாக்கணுமா?” என்று கத்தினான் செல்லப்பன்.

“ஆமாய்யா, நான் பொந்தியான் பாத்து ரொம்ப நாளாச்சு. இது ஒங்க அப்பன் லாரியா? தள்ளி உக்காரு” என்றாள் வெள்ளையம்மா.

செல்லப்பன் சிக்கந்தரைப் பார்த்தான். அவர் அந்தப் பக்கமே திரும்பாமல், பிஸ்மில்லா என்று சொல்லி, முன்பக்கக் கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றிவிட்டார்.

களத்தில் பேர் எழுதிக்கொண்டிருந்த கங்காணி சபாபதி, எட்டுப் பேர் குறைந்தது தெரியாதவர் போல மரங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மதகு வந்தபோது செல்லப்பன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

லாரி மெல்ல அமிழ்ந்தது. மெல்ல எழுந்தது. ஆற்றில் போகிற சம்பான் படகு மாதிரி.

அது ஏன் என்று யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை. கோபம் மட்டும் இருந்தது. ஆறு பெண்கள் பாயைச் சுற்றி முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஆண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்திருந்தார்கள். நெரிசலில் காற்றுகூட வரவில்லை. வழி நெடுக அவன் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தான்.

யாரும் பதில் பேசவில்லை. ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் திருப்பித் தருகிற வெள்ளையம்மாகூடப் பேசவில்லை. தனலெட்சுமியின் தலையை மடியில் ஏந்தியிருந்தாள். மாரியம்மன் பெயரை உதடு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

உச்சிப் பொழுதுக்குள் ஆஸ்பத்திரியில் அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள், பத்து நாள் படுத்திருக்க வேண்டும் என்றாள் நர்ஸ்.

செல்லப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

எட்டுப் பேரும் கடைத்தெருப் பக்கம் போகவே இல்லை. மதிலோர நிழலில் வரிசையாக உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்கந்தர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“பாய், இவங்க ஊர் சுத்தப் போகலையா?”

“நான்தான் தம்பி ஏறச் சொன்னேன். பாரம் இல்லாத லாரி துள்ளும். எடை ஏறினாத்தான் ஸ்பிரிங் வளைஞ்சு கொடுக்கும். ஸ்டோர் பூட்டிக் கெடந்துச்சு, மூட்டைக்கு எங்க போறது? அதான் ஆளுங்களக் கேட்டேன்.”

செல்லப்பன் மதிலோரம் திரும்பிப் பார்த்தான்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, பாய்.”

“சொன்னா நீங்க கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிப்பீங்களாம், நேரமாயிருமாம். வெள்ளையம்மாதான் வாயத் தொறக்காதேன்னுச்சு.”

அவன் மதிலோரம் போனான். “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றான்.

அவர்கள் எழுந்து முந்தானையையும் தலைத்துண்டையும் உதறிக் கட்டிக்கொண்டார்கள். சிக்கந்தர் அடுத்த சரக்குக்காகத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். பதினோரு மைலும் அவர்கள் நடந்துதான் திரும்ப வேண்டும்.

வெள்ளையம்மா அவன் முகத்தைப் பார்க்காமலே அவனைக் கடந்து நாலடி போனாள். பிறகு நின்றாள்.

“பச்ச ஒடம்புக்காரிய வெறும் லாரியில கூட்டியாந்துறாத. என்னைக்குன்னு சொல்லி அனுப்பு, வாறோம்.”