காம்புப் பக்கம் ஒரு துண்டு

அடுப்பில் சுரைக்காய்க் கூட்டு கொதித்துக்கொண்டிருந்தது.

வடிவு அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். முறத்தில் தோல் கிடந்தது. இளம்பச்சை, மேலே மெல்லிய சுணை. கடையில் வாங்கிய காய்க்கு இந்தச் சுணை இருக்காது. இது கொல்லைப் பந்தலில் காய்த்தது.

"தம்பிக்குப் பிடிச்சதுல்லா. பிஞ்சா ஒண்ணு தொங்குச்சு, நாந்தான் பறிச்சேன்" என்றாள் மதினி. வடிவின் புருஷனுக்கு அக்காள். கருமாதிக்கென்று முன்கூட்டியே வந்து அடுக்களையைக் கையில் எடுத்துக்கொண்டவள். தம்பிக்குக் கடைசியாகச் சமைப்பதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கூடத்தில் அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டாயிற்று. படைத்து முடித்ததும் பந்தி. முதல் பந்தி பிள்ளைகளுக்கு.

படையலுக்கு வைப்பதை யாரும் ருசி பார்க்கக் கூடாது. உப்புக்கூடக் கைக்கணக்குதான். போனவர் சாப்பிட்ட பிறகே இருப்பவர்கள் வாயில் வைக்கலாம்.

இந்தத் தெருவில் மாடியில் நாலு தொட்டிச் செடி வைத்திருப்பவர்கள்கூட வடிவிடம்தான் வந்து கேட்பார்கள். அவளும் அலுக்காமல் சொல்வாள். அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய். பூசணி வண்டுக்குச் சாம்பல். பிஞ்சு நிற்கவில்லை என்றால் சாயங்காலம் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிடு.

எல்லாம் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போகிறவர்களைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொன்றும் சொல்வாள்.

சுரைக்காயை நறுக்கியதும் காம்புப் பக்கம் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார். வெயிலில் தண்ணீர் இல்லாமல் வாடிய கொடியில் ஏதாவது ஒரு காய் கசந்துவிடும். கசந்தால் விஷம். குப்பையில்கூடப் போடாதே, மாடு தின்றுவிடும். குழி வெட்டிப் புதை.

ஒரே ஒரு நாள் அவள் பார்க்கவில்லை.

காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிப்பது அவர் வழக்கம். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார். அன்று ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

கசக்கிறது என்றார்.

அவருக்குப் பாலும் கசக்கும், பழமும் கசக்கும். மாத்திரை தின்று தின்று செத்த நாக்கு. கசப்பு சர்க்கரைக்கு நல்லதுதான், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடியுங்கள் என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சொன்ன சொல் கேட்கிற மனுஷன். குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

அன்று ஒரு நாள் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மத்தியானத்துக்குள் ரத்த வாந்தி. ஆஸ்பத்திரியில் குடல் புண் என்றார்கள். வயதாகிவிட்டது என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

கொடியைப் பிடுங்கி எறியக் கை துடித்தது. பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தினாள். தானாகக் காயட்டும் என்று விட்டாள்.

சனியன், அது காயவில்லை. காய்த்தது.

கூட்டு தளதளவென்று கொதித்தது. மதினி அரைத்த தேங்காயைக் கரைத்து ஊற்றிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சட்டியைத் தட்டிவிடலாம். கை தவறிவிட்டது என்றால் புருஷனைப் பறிகொடுத்தவளை யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஆனால் தட்டிவிட்டால் கடைசிவரை தெரியாமலே போய்விடும். இது கசக்காமலும் இருக்கலாம். இந்த வாடலிலும் கசக்கவில்லை என்றால், அன்றைக்கும் கசந்திருக்காது. அவர் வயிற்றில் வேறு ஏதாவது இருந்திருக்கும். இந்த நப்பாசையில்தான் இத்தனை நாள் அவளுக்குச் சோறு இறங்கியது.

கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் உள்ளே போய் மதினி கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். உள்ளங்கையில் சிறிது விட்டு, ஊதி, நக்கினாள்.

"ஏட்டி வடிவு! கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? அவனுக்குப் படைக்கதுக்கு முந்தி வாய் வைக்கலாமா?"

கசப்பு நாக்கில் ஏறித் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. தேங்காய் சேர்த்தும், பருப்பு சேர்த்தும், இவ்வளவு. அவர் வெறும் சாறாக ஒரு தம்ளர் குடித்திருக்கிறார். அவள் சொன்னாள் என்பதற்காக.

அடுப்பை அணைத்தாள். சட்டியைத் துணி போட்டு இறக்கினாள்.

"கசக்கு, மதினி."

மதினி நம்பவில்லை. கரண்டியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு வாயில் வைத்தாள். உடனே தொட்டிமுற்றத்துக்கு ஓடித் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"அவன் குடிச்சதும் இந்தக் கொடிக் காய்தானே?"

வடிவு கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். சட்டி நிறைய இருந்தது. குழி ஆழமாக வெட்ட வேண்டும்.

"ஊருக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்லுவியேட்டி. அன்னைக்கு நீ வாய்ல வச்சுப் பாக்கலையா?"

"அன்னைக்குத்தான் மொத செவ்வாக்கிழமை, மதினி. பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது" என்றாள். "அவுகளுக்குச் சர்க்கரை எறங்கணும்னு நான் இருந்த விரதம்லா."