லென்ஸுக்குச் சட்டை

"இன்னாமா இது, காதுகுத்துக்கு வர்றவன் கேமரா மாதிரி இருக்கு?"

குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் கோவிந்தராஜ், தான் பணம் போட்ட முதல் படத்தின் படப்பிடிப்பைப் பார்க்க ஆம்பூரில் வந்து இறங்கியதும் கேட்ட கேள்வி இது. கேமராவில் மாட்டியிருந்த லென்ஸ், அவர் கையிலிருந்த டீ கிளாஸைவிடச் சின்னதாக இருந்தது.

"ஸ்டில் போட்டோ லென்ஸ்தான் சார். சினிமாவும் எடுக்கலாம். உள்ள கண்ணாடி நல்ல கண்ணாடி, வெளிச்சட்டைதான் வேற" என்றாள் ஒளிப்பதிவாளர் ரோஷினி.

"சட்டைக்குத்தாம்மா மரியாதை. லேபிள் இல்லாத லுங்கிய எவன் வாங்குறான்? நாளன்னிக்கு மெட்ராஸ்லேர்ந்து சூரியபிரகாஷ் வர்றாரு. பெரிய கம்பெனிங்களுக்கெல்லாம் லென்ஸ் வாடகைக்கு வுடறவரு. அவரு பாக்கசொல்ல இதே இருந்துச்சுன்னா, வேற கேமராமேன் வந்துடுவான்."

கோவிந்தராஜ் ஒதுக்கிய பணத்துக்குச் சினிமா லென்ஸின் மூடிதான் வாடகைக்குக் கிடைக்கும். ஏழு வருடம் கல்யாண மண்டபங்களில் நின்ற பிறகு ரோஷினிக்குக் கிடைத்த முதல் படம் இது.

மறுநாள் காலை அவள் வாஹித் பாஷாவின் பட்டறையில் நின்றாள். ஷூ கம்பெனிகளுக்கு மேல்தோல் தைத்துக் கொடுப்பவர். சொல்லத் தயங்கித் தயங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

"பேஜாராவாதம்மா" என்றார் பாஷா. "தோலு இருந்தா எலியக்கூட யானையா காட்டலாம்."

தடித்த தோலைக் குழாயாகச் சுருட்டித் தைத்தார். கறுப்புச் சாயம் ஏற்றினார். சினிமா லென்ஸில் இருப்பதுபோல், ஷூ அடி ரப்பரில் பல் பல்லாக வெட்டி ஒரு வளையம் மாட்டினார். சாயங்காலம் லென்ஸ் மூன்று மடங்கு பருத்திருந்தது.

அடுத்த நாள் அதைப் பார்த்த கோவிந்தராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்பூரம் காட்டினார். பிறகு மானிட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"பாத்தியா க்ளாரிட்டி! மொத நாள் எடுத்ததெல்லாம் அழுது வடியுது. எல்லாத்தையும் திரும்ப எடும்மா."

ரோஷினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் சூரியபிரகாஷின் கார் வந்து நின்றது.

அவர் லென்ஸைக் கையில் வாங்கினார். கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்கத் தையலில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார். ரோஷினி ஊருக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஒரிஜினல் சார்" என்றார் சூரியபிரகாஷ். "இதே மாதிரி பன்னெண்டு என்கிட்ட இருக்கு. ஒண்ணுகூட ஆபீஸ்ல தங்கறதில்ல, அவ்ளோ கிராக்கி."

"நாந்தான் சொன்னேனே, சினிமா லென்ஸுன்னா தனி!" கோவிந்தராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பிரியாணி வந்ததா என்று பார்க்கப் போனார்.

இந்த ஆள் வாழ்க்கையில் லென்ஸையே பார்த்ததில்லை போலிருக்கிறது என்று ரோஷினி நினைத்தாள். தப்பித்த நிம்மதியில் சிரிப்புகூட வந்தது.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்த சூரியபிரகாஷ், அவள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"வாஹித் பாய் தையல் இன்னும் அப்படியேதான் இருக்கு, இல்ல?"