தங்கமான வாடகைக்காரன்

“கெவினும் ஓடிட்டானா?”

கீழே நின்று சத்தம் போட்டாள் அலீமா. கூரையில்லாத மேல்மாடியில், வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்கு நடுவே தலையில் கைவைத்து நின்றார் அவள் கணவர் நூஹு. மூலையில் கெவினின் கொத்துக் கரண்டி காய்ந்த சீமெந்தோடு கிடந்தது. ஆளைக் காணோம். போனும் வேலை செய்யவில்லை. இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போன ஐந்தாவது மேசன் அவன்.

முந்தல் ஊரில் இறால் பண்ணை வைத்திருந்தவர் நூஹு. இரண்டு தடவை நோய் வந்து இறால் முழுக்கச் செத்துப்போக, பண்ணையை விற்று வீடு கட்டி வாடகைக்கு விடத் தொடங்கினார். கல்லுக்கும் சீமெந்துக்கும் நோய் வராது என்பது அவர் எண்ணம். கீழ்வீட்டுக்குப் பெயின்ட் காயும் முன்பே ஆள் வந்துவிட்டது. மேல்வீட்டுக்கு இப்போதே அடிபிடி. புத்தளம் வரை வீடு தேடிக் களைத்த வங்கிக்கார அம்மா ஒருத்தி, “கூரையைப் பிறகு பாப்பம், சாவியைத் தாங்க” என்று கேட்காத குறை.

குடியிருக்க ஆள் வரிசையில் நிற்கிறது, கட்டத்தான் ஆள் இல்லை. மாரி மழைக்கு முன் கொங்கிறீட் போடாவிட்டால் கம்பியெல்லாம் துருப்பிடித்து, பண்ணை விற்ற காசு கண்முன்னே கரைந்துவிடும்.

“நானா, முதல்ல இதைக் குடிங்க.”

தேத்தண்ணியோடு படியேறி வந்தான், நூஹுவை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் கீழ்வீட்டு மின்ஹாஜ். ஏதோ கொழும்புக் கொம்பனிக்கு வீட்டிலிருந்தே போனில் வேலை செய்கிற பிள்ளை. மாதம் பிறந்தால் வாடகை கைக்கு வந்துவிடும். சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்பான். மேசன்மாரோடு அவன் பழகுகிற விதமே தனி. பிஸ்கட் கொடுப்பான். “இந்த மூலையை எப்பிடி இவ்வளவு நேராப் பூசினீங்க?” என்று வியப்பான். அவர்கள் வேலை செய்வதை வீடியோ எடுத்து அவர்களுக்கே காட்டுவான். நூஹுவுக்கு அவன்மேல் பெற்ற பிள்ளையைப் போலப் பாசம்.

“எல்லாம் அந்த லோறன்ஸ்ட வேலை தம்பி” என்றார் நூஹு பல்லைக் கடித்துக்கொண்டு. “குறிஞ்சிப்பிட்டியில வெள்ளைக்காரனுகளுக்கு வாடகைக்கு விட அறை கட்டுறான். என்ட ஆள்களை அவன்தான் இழுத்துட்டுப் போறான்.”

“மனுசங்க இப்பிடியும் இருப்பாங்களா நானா?” என்று வருத்தப்பட்டான் மின்ஹாஜ்.

நூஹு சிலாபம் வரை போய், கெஞ்சிக் கூத்தாடி றொபி என்ற மேசனைக் கூட்டிவந்தார். வந்தவனுக்கு மாப்பிள்ளை உபசாரம். காலையில் முட்டை ரொட்டி, பகலில் கோழிக்கறி, களைப்பாற சாய்மனைக் கதிரை.

“என்ட மருமகனுக்குக்கூட நான் இப்பிடி ஆக்கிப் போட்டதில்ல” என்று முணுமுணுத்தாள் அலீமா.

“மருமகன் கூரை போடுவாரா?” என்று அவள் வாயை அடைத்தார் நூஹு. பிறகு மின்ஹாஜைத் தனியே அழைத்தார். “தம்பி, நான் இல்லாத நேரம் இவன்மேல ஒரு கண் வெச்சிக்கங்க. லோறன்ஸ்ட ஆள் யாரும் வந்து இவனோட கதைச்சிடக்கூடாது.”

“யோசிக்காதீங்க நானா. நான் பக்கத்திலயே இருக்கேன். வேற ஒருத்தனும் கிட்ட வர ஏலாது.”

சொன்னபடியே நிழலாகத் திரிந்தான். வாரக்கணக்கில் றொபி அசையவில்லை. ஒருநாள் மீசையைத் திருத்தி, வெள்ளைச் சேர்ட் போட்டுப் படம் எடுக்கப் போனபோது, கலியாணப் பேச்சாக்கும் என்று நூஹு மகிழ்ந்துபோனார். கலியாணம் கட்டினவன் ஊரோடு இருப்பானே!

முட்டுக் கொடுத்தாயிற்று, பலகையும் அடித்தாயிற்று. கொங்கிறீட் போட வேண்டிய அன்று காலையில் றொபியைக் காணவில்லை.

நூஹு லோறன்ஸுக்குப் போன் அடித்தார். “இஞ்ச பாருங்க, மரியாதையா என்ட மேசனை அனுப்புங்க!”

“என்னது?” என்று அந்தப் பக்கம் வெடித்தது. “என்ட அறைகள் ஆள் இல்லாம பாதியில கிடக்குது. நீங்கதான் எல்லாரையும் ஒளிச்சு வெச்சிருக்கிறீங்க எண்டெல்லோ நான் திட்டிக்கொண்டிருக்கிறன்!”

நூஹு மணல் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கடித உறையோடு வந்து நின்றான் மின்ஹாஜ்.

“நானா, மனசை விடாதீங்க. மேல்வீட்டையும் எனக்கே தாங்க. வேலை நல்லாப் போகுது, ஓபிஸ் ஒன்று போடணும். இது அட்வான்ஸ். கூரை எப்ப முடிஞ்சாலும் பரவாயில்ல.”

நூஹுவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து அவனைக் கட்டிப்பிடித்து, “அல்லா ஒங்களுக்கு பரக்கத் செய்வான் தம்பி” என்றார். அவன் கீழே இறங்கிப் போக, அவருடைய போன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு நம்பர்.

“முதலாளி, நான் றொபி. கோவிக்காதீங்க, கட்டாருக்கு வந்து இறங்கிட்டன். கெவினும் மற்றவங்களும் இஞ்ச ஒரே அறையிலதான். எங்கட வேலையை வீடியோ எடுத்து அனுப்பி, எங்க எல்லாருக்கும் விசா எடுத்துத் தந்த ஏஜென்ட் மின்ஹாஜை உங்கட வீட்டிலயே இருத்தி வெச்சிருக்கிறீங்களே, கடவுள் உங்களை ஒருநாளும் கைவிட மாட்டார் முதலாளி!”