வேறு கம்பெனிப் பெட்டி

கணவனும் மனைவியும் ஒரே அலுவலகத்தில் கணினிப் பிரிவில் வேலை பார்த்தார்கள். அங்கிருந்த பழைய சர்வர் பெட்டியில் வேறொரு கம்பெனியின் இயங்குதளத்தை ஏற்ற அவன் படாத பாடு பட்டான். இது அதில் ஓடாது என்று இரண்டு கம்பெனிகளும் கைவிரித்துவிட்டன. பிறகு அவள் உட்கார்ந்தாள். ஒரே மதியத்தில் ஓடியது.

மேலாளர் அவளை வாய் ஓயாமல் புகழ்ந்தார். அவளும் எந்நேரமும் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே இருந்தாள்.

"எனக்கு ஒரு சக்களத்தன் வந்துட்டான் போல," என்றான் அவன்.

"போயும் போயும் இரும்புப் பெட்டி மேலயா பொறாமை?" என்று அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் விடுப்பில் இருந்த நாளில் அவன் மின்கம்பியைப் பிடுங்கிப் போட்டான். இயங்குதளம் பதிந்திருந்த வட்டுகளை எல்லாம் உருவித் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு மேலாளரிடம் போனான்.

"சார், அவ போட்டது படுத்துடுச்சு."

"நல்லாத்தானே ஓடுது," என்றார் அவர், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் திரும்பி ஓடினான். மின்கம்பி தரையில்தான் கிடந்தது. பெட்டிக்குள் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அதன் திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

"சுண்டு எங்க?"

வீட்டில், கதவைச் சாத்திய பிறகு மட்டும், அவன் மனைவியைக் கூப்பிடும் பெயர் அது.