மில் சுருதி

மரகதம் அக்காவின் மாவு மில்லுக்கு மேலே இருந்த அறையில்தான் எங்கள் ராக் பேண்ட் இத்தனை வருடமும் வாசித்துப் பழகியது. எங்கள் டிரம்மைத் தட்டினால் இன்றைக்கும் மாவு பறக்கும். முதல் ஆல்பத்துக்காக ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது அங்கிருந்த அமைதி எங்களைப் பயமுறுத்தியது. எங்கள் பாடகி ரோஸ்லினுக்குப் பாட்டை எடுக்கவே வரவில்லை. "கிடார், பேஸ், குரல், எல்லாமே ஒரே அளவு சுருதி இறங்கியிருக்கு. எதை வச்சு சேத்தீங்க?" என்றார் ஒலிப்பதிவாளர். கீழே ஓடிய மில் மோட்டாரை வைத்துத்தான் என்பது எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது. "அப்படியே இருக்கட்டும்ணா" என்றாள் ரோஸ்லின். ஆல்பம் முடிந்ததும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு நேராக மில்லுக்குப் போனோம். ஒரு நாளும் எங்கள் சத்தத்தைக் குறை சொல்லாத அக்கா, கோதுமை டப்பாக்களோடு நின்றவர்களைக் காக்கவைத்துவிட்டு, எங்களுக்காக மோட்டாரை நிறுத்தினாள். முகத்து மாவை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மூட்டைமேல் உட்கார்ந்து, கடைசிவரை தலைகுனிந்து கேட்டாள். எங்களுக்கே அது வேறு யாரோ வாசித்தது போல இருந்தது. "நல்லாத்தான் இருக்கு கண்ணு," என்றாள் பொய் சொல்ல வராத அக்கா. "ஆனா நீங்க பாடுறாப்ல இல்லையே." ரோஸ்லின் எழுந்துபோய் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமி, மெல்ல ஏறி, தன் சுருதியில் நின்றது. பாட்டை முதலிலிருந்து வைத்தோம். வரிசையில் முதலில் நின்றவரின் டப்பாவை வாங்கிக் கோதுமையைக் கொட்டியபடியே, அக்கா ஒரு சொல் பிசகாமல் கூடப் பாடத் தொடங்கினாள்.