இருபது சென்ட் கரிசல்

"தர மாட்டேன் தாயி."

மூன்றாவது தடவையாகச் சாமித்துரை சொன்னார். நகராட்சித் தலைவி முத்துசெல்விக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அண்ணாச்சி, ஊருக்குத் தண்ணித் தொட்டி கட்டத்தான கேக்கோம்? சும்மாவும் கேக்கல. சர்க்கார் விலை தாரோம்."

"தெரியும் தாயி."

"நாலு வருசமாத் தரிசாக் கெடக்க இருபது சென்ட் கரிசல். அதை வச்சு என்ன செய்யப் போறீய?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. ஆனாலும் அந்த இடத்தைத் தர மாட்டேன்."

கோவில்பட்டிக்குக் கிழக்கே அது ஒரு சின்ன நகராட்சி. தெற்குப் பக்கம் புதிதாகப் பதினாலு தெரு முளைத்துவிட்டது. குழாயில் தண்ணீர் வருவது பத்து நாளைக்கு ஒரு முறை.

முப்பது வருசத்துக்குத் தாங்குகிற மாதிரி ஒரு குடிநீர்த் திட்டம் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு முத்துசெல்வி ரெண்டு வருசம் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் அலைந்தாள். பாதிப் பணம் அரசு மானியம். மீதிக்கு வங்கியில் இருபது வருசக் கடன். எல்லாம் கூடி வந்தது. தொட்டி நிற்க இடம்தான் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் இடத்தைக் காட்டாவிட்டால் மானியம் வேறு ஊருக்குப் போய்விடும்.

"விலை பத்தலைன்னா சொல்லுங்க. கூட்டிக் கேட்டுப் பாக்கேன்."

"துட்டு விசயம் இல்ல தாயி. நாலு நாள் பொறு. சொல்லுதேன்."

"நாலு நாள் கழிச்சு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி!"

"தெரியும்லா" என்றார் சாமித்துரை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் தெற்குத் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு அவர் வீட்டு முன்னால் போய் நின்றார்கள். முன்னால் நின்றவள் வெள்ளைத்தாய். அவள் தொண்டைக்கு மைக் தேவையில்லை.

"ஏ பெரிய மனுசா! வெளிய வாரும்! ஒரு குடம் தண்ணிக்கு நாங்க படுத பாடு உமக்குத் தெரியுமாவே?"

வீடு பூட்டியிருந்தது.

"விடியக்காலைப் பஸ்ல ஏறிட்டாரே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவ்வளவுதான். கதை கட்டக் கேட்கவா வேண்டும்? ஊர் அவசரம் தெரிந்துகொண்டு விலையை ஏற்றுகிறார் என்றது டீக்கடை. தூத்துக்குடி புரோக்கருக்கு எழுதிக்கொடுக்கப் போயிருக்கிறார் என்றது சலூன். முத்துசெல்வி ரெண்டையும் நம்பினாள். ரெண்டு ராத்திரி தூக்கம் கெட்டது.

வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூட்டம். ஓரத்து பெஞ்சில் குடங்களோடு பெண்கள். "இடம் கிடைக்கவில்லை" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் சாமித்துரை உள்ளே வந்தார். கூடவே அவர் மகள் செல்வமாரி. புதியம்புத்தூரில் ஆறு மெஷின் போட்டுத் தையல் கூடம் நடத்துகிறவள்.

"அந்தக் கரிசலைத் தர மாட்டேன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிக்கிடுதேன்" என்றார் சாமித்துரை.

ஓவென்று சத்தம். வெள்ளைத்தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டே எழுந்துவிட்டாள். முத்துசெல்வி அவளைக் கையமர்த்திவிட்டு, அவர் நீட்டிய காகிதத்தை வெடுக்கென்று வாங்கினாள். எதிர்ப்பு மனுதான் என்று நினைத்துப் பிரித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அது சம்மதக் கடிதம். கூடவே ஒரு பத்திர நகல்.

"அண்ணாச்சி... இது பைபாஸ் ஓரத்துப் பாறைமேடுல்லா?"

"அதான் தாயி. அதுவும் இருபது சென்ட்தான்."

"அப்ப கரிசல்?"

"அங்கன முன்னால பருத்தி போட்டு வைக்க ஒரு அறை கட்டுனேன். மழைக்கு மண்ணு உப்புச்சு, வெயிலுக்கு வெடிச்சுது. மூணாம் கோடையில செவுத்து விரிசலுக்குள்ள என் கையே போச்சு. லட்சம் லட்சமாத் தண்ணியைச் சுமக்குத தொட்டி அங்கன நிக்குமா? நீங்க கடன் கட்டி முடிக்கதுக்கு முன்ன சாஞ்சிரும்."

நகராட்சி இன்ஜினியர் எழுந்து தலையைச் சொறிந்தார். "அவிய சொல்லுதது சரிதாம்மா. கரிசல்னா அஸ்திவாரத்துக்கே இன்னொரு பங்கு துட்டு வேணும். பாறைமேடுன்னா அந்தச் செலவும் மிச்சம், தூண் உயரமும் கொறையும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?" என்றாள் முத்துசெல்வி.

"மாத்து இடம் கையில இல்லாமச் சொன்னா, சாக்கு சொல்லுதான்னுவீய. பாறைமேடு எம்மக பேருல இருக்கு. அதை வித்துப் பத்து மெஷின் வாங்கணும்னு இருந்தா. அவளைக் கேக்காம நான் எப்படி வாயை விட?"

முத்துசெல்விக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். பைபாஸ் ஓரத்து இடம். தங்கத்தை நிறுப்பது போல் விலை கேட்கிற இடம். செல்வமாரி பக்கம் திரும்பித் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என்ன விலை எதிர்பாக்கம்மா?"

செல்வமாரி சிரித்தாள்.

"கரிசலுக்குப் பேசுன விலையே போதும்க்கா, நாலு மெஷின் வாங்கிக்கிடுதேன். எங்கப்பா சும்மாவே குடுன்னாரு, நாந்தான் ஏசுனேன்."